முக்கால் சாண் மேலே

முகாம்
14.9.2024

அண்ணாச்சிக்கு,

ஆஷிக் அலி எழுதுகிறேன். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை கிடையாதாம். தபாலுக்கு மட்டும் தடை இல்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு எழுதியதோடு சரி, அதற்கப்புறம் இதுதான் என் முதல் கடிதம். பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

மகாராஜா உங்களுக்குச் சொல்லியிருப்பான். நம் படைக் கம்பெனியில் நம்ம பக்கத்து ஆள் இப்போது அவன் ஒருத்தன்தான். ஆனால் இளையரசனேந்தல்காரன் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லுவான் என்று நீங்கள்தான் கேலி செய்வீர்கள். அதனால் நானே எழுதுகிறேன்.

மூன்றாம் தேதி விடியற்காலை. வடக்குக் காவல் மேடையில் நான். தூறல். காட்டு ஓரத்திலிருந்து ஒரு ஆள் வெட்டவெளிக்கு வந்தான். தோளில் நீளமாக ஏதோ இருந்தது. நில் என்று மூன்று தடவை கத்தினேன். வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தேன். அவன் நிற்காமல் நேராக வந்துகொண்டே இருந்தான். நூற்றுப்பத்து மீட்டர், மிஞ்சினால் நூற்றிருபது. இடுப்புக்குக் கீழேதான் சுட வேண்டும் என்கிற விதி உங்களுக்குத் தெரியாததல்ல. தொடையில் பிடித்தேன். ஒரே குண்டு. எஸ்.எல்.ஆர். துப்பாக்கி தானாகவே அடுத்த குண்டை ஏற்றிக்கொண்டது. நான் விரலை மடக்கவில்லை.

அடிவயிற்றில் பட்டிருந்தது அண்ணாச்சி. தோளில் இருந்தது கிழங்கு தோண்டுகிற கம்பு. முதுகில் ஒரு கூடை, அது நிறைய காளான். பிறவியிலேயே காது கேட்காதவனாம். ஜீப்பில் என் துண்டை வைத்து நான்தான் அமுக்கிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உயிரோடு இருந்தான்.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். ஜூன் மாதம் மெஸ்ஸில் நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் எப்போதும் துப்பாக்கிக்கு முந்நூறு மீட்டரில் குறி சரியாக விழும்படிதான் பார்வை கட்டுவீர்கள். முந்நூறுக்குக் கட்டியது நூறில் முக்கால் சாண் மேலே அடிக்கும். "அதுக்கென்னலே, முக்கா சாண் கீழ பிடி" என்பீர்கள். நமக்கு எதிரே மரம் வெட்டிவிட்ட வெட்டவெளியே நூற்றிருபது மீட்டர்தான், அவசரத்தில் எவன் கணக்குப் போட்டுக் கீழே பிடிப்பான், நூறுக்குக் கட்டுங்கள் என்று நான் கத்தினேன். ஒரு வாரம் நாம் பேசிக்கொள்ளவில்லை. அப்புறம் கமாண்டரே நூறுக்கு மாற்று என்று உத்தரவு போட்டார். நீங்கள் ரிட்டயர் ஆகி ஊருக்குக் கிளம்பிய காலை, லாரி பக்கத்தில் நின்று, "என்னுடையது ஆச்சா?" என்று கேட்டேன். "எல்லாம் முடிஞ்சிட்டுலே, இனிமே நேராப் பிடி" என்றீர்கள்.

நேராகப் பிடித்தேன். பதிவேட்டில் முப்பத்திரண்டு துப்பாக்கிக்கும் நூறு மீட்டர் என்று உங்கள் கையெழுத்து இருக்கிறது. அப்படியானால் நான் வேண்டுமென்றே வயிற்றில் சுட்டேன் என்கிறார்கள். வேலை போவது மட்டுமில்லை, கொலை வழக்கு என்கிறார்கள்.

என் துப்பாக்கி பத்தொன்பதாம் நம்பருக்கு எந்த நாளில் பார்வை கட்டினீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

ஆஷிக்


சங்கரன்கோவில்
27.9.2024

தம்பி ஆஷிக்குக்கு,

உன் கடுதாசி நேற்று வந்தது. கடையில் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன், அந்தக் கையோடு வாங்கினேன். உறை முழுக்க வார்னிஷ். ஏலே, ஒழுங்காகச் சாப்பிடுதியா? அதை எழுதாமல் வேறு என்னென்னவோ எழுதியிருக்கிறாய்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. கழுகுமலை ரோட்டில் கடை போட்டிருக்கிறேன். ஆர்மரர், துப்பாக்கி ரிப்பேர்காரன் என்று போர்டு வைக்க முடியாதே, அதனால் மோட்டார் ரீவைண்டிங். இருபத்தோரு வருஷம் கழித்து ஆடித்தபசுத் திருவிழாவை வீட்டுக்காரியோடு நின்று பார்த்தேன். தபசு மண்டபத்துக்கு முன்னால் எள் போட்டால் விழாத கூட்டம். எங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் சப்பரத்தின்மேல் சூறை விட்டோம். சண்முகசுந்தரி அழுதாள். வருஷா வருஷம் தனியாக நின்று வீசினவள் அல்லவா.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பத்தொன்பதாம் நம்பர் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. லாரி ஏறுகிற அன்று காலையில்தான் அடித்தேன். ஐந்து ரவுண்டு. நூறு மீட்டரில் ஐந்தும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கியது. இப்படி ஒழுங்கான துப்பாக்கி நம் ஆயுத அறையிலேயே கிடையாது என்றுகூட நினைத்தேன்.

அதனால் துப்பாக்கியைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. இருட்டு, மழை, பயம். எவனுக்கும் கை கொஞ்சம் தூக்கத்தான் செய்யும். கை தூக்கிவிட்டது என்று ஒரே வார்த்தை சொல்லு. அதற்குமேல் வாயைத் திறக்காதே. நான் பார்க்காத விசாரணையா? நாலு மாதம் இழுத்தடித்து ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவான்கள்.

பதிவேட்டைப் பற்றி இனிமேல் கடுதாசியில் எழுத வேண்டாம். எவனாவது பிரித்துப் படிப்பான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

காசிராஜன்


தலைமையிடம்
20.10.2024

அண்ணாச்சிக்கு,

என்னை முகாமிலிருந்து தலைமையிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். வேலை ஒன்றும் கிடையாது. காலையில் ஒரு கையெழுத்து, மாலையில் ஒரு கையெழுத்து.

உங்கள் கடிதத்தை ஏழெட்டுத் தடவை படித்தேன். தீப்பெட்டி வந்ததும் அதற்குமேல் போக முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியில் கோளாறு இருக்க வேண்டும் என்று நான் உள்ளூர ஆசைப்பட்டேன். நீங்கள் அவசரத்தில் என்னுடையதை விட்டிருப்பீர்கள் என்றுகூட நினைத்தேன். இருபத்தோரு வருஷம் வேலை பார்த்த மனுஷன்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கலாம் என்று பார்த்தேன். அதற்கு என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

நேற்று விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். துப்பாக்கியில் குறை இல்லை, நூறு மீட்டருக்குச் சரியாகக் கட்டப்பட்டது, தப்பு என் கையில்தான் என்று. அவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதையே சொன்னேன்.

தொடையில் பிடித்தேன் என்று முதலில் அடித்துச் சொன்னவன் நான். இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. கண்ணை மூடினால் துப்பாக்கியில் குறி பார்க்கிற முள் தொடையில் நிற்கிறது. இன்னொரு தடவை மூடினால் வயிற்றில் நிற்கிறது. வயிற்றைத்தான் பார்த்தேனோ? பயத்தில் கொன்றுவிட்டுத் தொடை என்று எனக்கே பொய் சொல்லிக்கொள்கிறேனோ?

தொழுகைக்கு நின்றால் தக்பீர் சொல்லக் கையைத் தூக்குகிறேன், தூக்கியபடியே நின்றுவிடுகிறேன். நீங்கள் எழுதியதுதான் காதில் விழுகிறது. கை தூக்கிவிட்டது.

உங்களுக்கும் அக்காவுக்கும் ஸலாம்.

ஆஷிக்


தலைமையிடம்
9.1.2025

அண்ணாச்சிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கிடைக்காமல் போயிருக்கலாம். அக்டோபர் மாதத் தபால் சிலது இங்கேயே கிடந்தது என்கிறார்கள்.

செத்துப்போனவன் பெயர் சுக்ரு. இத்தனை நாள் அவன் அவன் என்றே எழுதிக்கொண்டிருந்தேன். செத்தது தன் புருஷன்தான் என்று மட்டும் சாட்சி சொல்ல அவன் சம்சாரம் வந்திருந்தாள். ஒரு பெண் குழந்தை, என் மகன் வயசு. கேட்டுக்கு வெளியே நாள் முழுக்க நின்றார்கள். என்னைத் தாண்டித்தான் உள்ளே போனாள், நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. சல்யூட் மாதிரி எனக்கும் ஒரு கும்பிடு போட்டாள்.

மகாராஜா வந்து பார்த்தான். டிசம்பரில் கம்பெனிக்கு வருஷாந்திர சுடுதல் நடந்ததாம். ஒன்றாம் நம்பரிலிருந்து பதினெட்டு வரைக்கும் எல்லாத் துப்பாக்கியும் நூறு மீட்டரில் சரியாக அடித்தன. இருபதிலிருந்து முப்பத்திரண்டு வரைக்கும் பதின்மூன்றும் மேலே அடித்தன. எல்லாம் ஒரே அளவு மேலே. அந்தப் பதின்மூன்று பேருக்கும் கை சரியில்லை என்று மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள். மறுநாள் புது ஆர்மரர் ஒன்றும் பேசாமல் பதின்மூன்றையும் திருகிச் சரிசெய்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பத்தொன்பது சீல் வைத்து ஆய்வகத்தில் இருக்கிறது. அங்கே குண்டு அந்தக் குழாயிலிருந்துதான் வந்ததா என்று மட்டும் பார்ப்பார்கள். பார்வையைச் சோதிக்கச் சொல்லி யாரும் எழுதவில்லை. பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது, நானும் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சும்மாதான் எழுதுகிறேன். மகாராஜா ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லுகிற ஆள்.

ஆஷிக்


சங்கரன்கோவில்
2.2.2025

தம்பி ஆஷிக்குக்கு,

உன் இரண்டு கடுதாசியும் வந்தது. வேலை மும்முரம். இப்போது கிணற்று மோட்டார் எல்லாம் மொத்தமாகப் புகைகிற சமயம். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒருத்தன் மூன்று மோட்டாரை பைக்கில் கட்டிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, நாளைக்கே வேண்டும் என்கிறான். சாப்பிட நேரமில்லை.

மகாராஜா சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அங்கே மழைக்காலத்தில் மரக்கட்டை ஊறிப் பார்வை மாறத்தான் செய்யும். பையன்கள் ஆயுத அறையில் துப்பாக்கியை விறகுக் கட்டை மாதிரி போடுவான்கள். எத்தனை தடவை திட்டியிருக்கிறேன், உனக்குத் தெரியாதா?

நீ குறை உன்னுடையது என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டாம். கை தூக்கிவிட்டது என்று சொல்லச் சொன்னால், நீ கொலைகாரன் மாதிரி ஒத்துக்கொண்டு வந்திருக்கிறாய். உன்னை யார் அப்படி எழுதச் சொன்னது? கோபம் கோபமாக வருகிறது எனக்கு. யார்மேல் என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். கோமதியம்மன் சன்னிதியில் நின்றேன். உன் பெயரைச் சொல்லிக் கும்பிட வேண்டும் என்றுதான் போனேன். வாய் வரவில்லை. வரும்போது புற்றுமண் வாங்கினேன், இத்துடன் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். உங்கள் மார்க்கத்தில் ஆகாது என்றால் நெற்றியில் வைக்க வேண்டாம், சட்டைப் பையில் போட்டுக்கொள். மெஸ்ஸில் எல்லாருக்கும் சொறி வந்தபோது நீதானே, "அண்ணாச்சி, உங்க ஊரு மண்ணக் குடுங்க" என்று கேட்டு வாங்கிப் பூசினாய்.

உன் வீட்டில் ரிஸானாவும் பிள்ளையும் சுகமா? கடையநல்லூருக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவர வேண்டும் என்று இருக்கிறேன். பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். போகவில்லை.

காசிராஜன்


சங்கரன்கோவில்
19.7.2025

தம்பி ஆஷிக்குக்கு,

ஐந்து மாதமாக உன்னிடமிருந்தும் கடுதாசி இல்லை, நானும் எழுதவில்லை. எழுதிக் கிழித்தவற்றைச் சொன்னால் நம்ப மாட்டாய்.

நேற்று ரிஸானா கடைக்கு வந்தாள். கூட அவள் தம்பி சதாம். ஆகஸ்டு ஏழாம் தேதி கடைசி விசாரணை என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். அவுகளுக்குக் கை தப்புமா?" என்றாள்.

நான் கையிலிருந்த கம்பிச் சுருளைக் கீழே வைத்தேன்.

"மாங்கா அடிச்சா காம்பப் பாத்துத்தான் கல்ல விடுவாக. காய்ல ஒரு கீறல் இருக்காது. அவுகளா தொடையப் பாத்து வயித்துல சுட்டாக? நீங்க துப்பாக்கிக்காரரு. எனக்கு வெளங்குத மாதிரி சொல்லுங்க."

பில் புத்தகத்தைத் திருப்பிப் படம் போட்டுக் காட்டினேன். கண் போகிற கோடு நேர்கோடு, குண்டு போகிற பாதை வளைவு, இரண்டும் எந்தத் தூரத்தில் சேர வேண்டும் என்று நாம்தான் முடிவு செய்து திருகாணியைத் திருகிக் கட்டுகிறோம், முந்நூறில் சேரக் கட்டினால் நூறில் குண்டு மேலே போகும் என்று சொன்னேன். படத்தில் அந்த வளைவின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"அந்த முந்நூற நூறா மாத்த எவ்வளவு நேரம் ஆகும் அண்ணாச்சி?"

"கால் மணி நேரம்."

"அவ்வளவுதானா?" என்றாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை ஆஷிக். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டீ வாங்கி வரச் சொன்னேன், வேண்டாம் என்று போய்விட்டாள். நான் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

பத்தொன்பதாம் நம்பருக்கு நான் பார்வை கட்டவில்லை.

மைதானம் நமக்குக் காலையில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும் என்பது உனக்குத் தெரியும். முதல் நாள் எட்டு முடித்தேன். இரண்டாம் நாள் ஏழு. மூன்றாம் நாள் மூன்று முடித்தபோது லாரி முன்னாடியே வந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். அதை விட்டால் அடுத்த லாரி மூன்று நாள் கழித்து. மூன்று நாள் கழித்தால் தபசு முடிந்துவிடும். இந்த வருஷம் தபசுக்குக் கட்டாயம் வந்துவிடுவேன் என்று சண்முகசுந்தரிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கு இருபது வருஷமாகப் பொய்த்த வாக்கு.

பத்தொன்பது மேஜைமேல் இருந்தது. அடுத்தது அதுதான். எடுத்துத் திரும்ப மாட்டி வைத்தேன். பதிவேட்டில் பதினெட்டுக்குக் கீழே மீதி எல்லா வரியிலும் நூறு, நூறு, நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புதுசாக வருகிறவன் பார்த்துக்கொள்ளுவான், அதற்குள் என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முந்நூறுதான் சரி என்கிற வீம்பும் உள்ளே இருந்தது. உன்னிடம் சண்டையில் தோற்ற வீம்பு. நீ லாரி பக்கத்தில் வந்து கேட்டாய். இல்லைலே, நீ பழையபடி கீழேயே பிடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல லாரி காத்திருக்க வேண்டியதுகூட இல்லை.

நீ கேட்டு எழுதியபோது பொய் எழுதினேன். ஐந்து ரவுண்டு, தீப்பெட்டி என்றெல்லாம் கண்ணால் பார்த்த மாதிரி எழுதினேன். நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியது வந்த அன்றைக்கு இரண்டு வேளை சாப்பிட முடியவில்லை. அப்படியும் உண்மையை எழுதவில்லை. பதின்மூன்றும் மேலே அடித்தது என்று நீ எழுதியபோது உனக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. அதற்கு நான் மண் அனுப்பினேன். த்தூ.

ராத்திரி சண்முகசுந்தரியிடம் எல்லாம் சொன்னேன். பென்ஷன் போகலாம், ஜெயில்கூட வரலாம் என்றும் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. "ஒரு வாரம் பிந்தி வந்திருந்தா நாங்க என்ன செத்தா போயிருப்போம்? என்னச் சாக்கு வச்சா இதப் பண்ணிய?" என்றாள். அதோடு பேச்சை நிறுத்தினவள்தான்.

இன்று காலை எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு விசாரணை அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பத்தொன்பதாம் நம்பரை நூறு மீட்டரில் சுட்டுப் பார்க்கச் சொல்லியும் எழுதியிருக்கிறேன். நகல் இத்துடன் இருக்கிறது.

தொடையில்தான் பிடித்தாய் ஆஷிக். வயிற்றை நீ பார்க்கவில்லை. உன் கை தூக்கவில்லை.

காசிராஜன்


தலைமையிடம்
29.7.2025

அண்ணாச்சிக்கு,

கடிதம் வந்தது. அதிகாரிக்கும் வந்திருக்கிறது. பத்தொன்பதை நேற்று சுட்டுப் பார்த்தார்களாம். முக்கால் சாண் மேலே.

எனக்கு ஜனவரியிலேயே தெரியும். மகாராஜா பதினெட்டு என்று சொன்னவுடனே தெரிந்துவிட்டது. அதிகாரியிடம் போய்ச் சொல்லியிருந்தால் அன்றைக்கே சோதித்திருப்பார்கள். நேற்று ஆபீஸ் போனில் விஷயத்தைக் கேட்ட ரிஸானா, ஏன் சொல்லவில்லை என்று என்னைத் திட்டாத திட்டு இல்லை. உங்கள் வாயிலிருந்து வரட்டும் என்று இருந்தேன். ஒரு மாதத்தில் வரும், இரண்டு மாதத்தில் வரும் என்று பார்த்தேன். மண் வந்தது. அதைத் தூக்கி எறியக் கை ஓங்கினேன். எறியவில்லை, ஆனால் சட்டைப் பையிலும் வைக்கவில்லை.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். நிறைய இருக்கிறது. நீங்கள் துப்பாக்கியை விட்டுவிட்டுப் போனதற்குக்கூட இல்லை. அந்தத் தீப்பெட்டிக்குத்தான். மூன்று மாதம் நான் என்னையே கொலைகாரன் என்று நம்பினேன், நீங்கள் அதைப் படித்துக்கொண்டு சும்மா இருந்தீர்கள்.

கடிதத்தைப் படித்த ராத்திரி நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்ததும் அந்தத் தூக்கத்தை நினைத்து வெட்கமாகிவிட்டது. தொடையில்தான் பிடித்தேன் என்பது எனக்கு ஆறுதல். சுக்ருவுக்கு அதனால் என்ன? உங்கள் தப்பா, என் தப்பா என்று நாம் இரண்டு பேரும் இழுத்துக்கொண்டிருக்கிறோம், அந்தக் குழந்தை கேட்டுக்கு வெளியே நிற்கிறது. நானும் சும்மா இல்லை. ஒரே ஒரு குண்டு கேட்டு வாங்கி அந்தத் துப்பாக்கியை நானே சுட்டுப் பார்த்திருக்கலாம். அண்ணாச்சி சொல்லிவிட்டார் என்று பார்க்காமல் விட்டேன். காதில் விழாதவனாக இருக்கலாம் என்றும் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

எழுத்து மட்டும் போதாது, நீங்கள் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்கிறார் அதிகாரி. ஏழாம் தேதி. அன்றைக்குத்தான் இந்த வருஷத் தபசு என்று எனக்குத் தெரியும். கேட்டுக்கொண்டால் தேதியைத் தள்ளிவைப்பார். நான் கேட்க மாட்டேன்.

அன்றைக்குச் சுக்ருவின் சம்சாரத்தையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். நடந்தது என்ன என்று அவளிடம் இதுவரைக்கும் யாரும் சொல்லவில்லை. காட்டில் சண்டை நடந்தது, நடுவில் மாட்டிக்கொண்டான் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். சொல்ல வேண்டியவர்கள் நாம் இரண்டு பேர். என்னால் தனியாக முடியாது.

ஆஷிக்


ரயிலில்
4.8.2025

ஆஷிக்குக்கு,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. நேரில் உன் கையில் கொடுப்பேன். உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதி வைத்துக்கொள்கிறேன். எழுத்து ஆடினால் அது ரயிலால்.

சங்கரன்கோவில் ஸ்டேஷனில் ஒரே கூட்டம். தபசுக்கு வருகிற ஜனம் மூட்டையும் பிள்ளையுமாக இறங்கிக்கொண்டே இருந்தது. அதற்குள் புகுந்து நான் ஒருத்தன் ஏறினேன். எங்கள் தெருக்காரன் ஒருத்தன் பார்த்துவிட்டு, "என்ன வே, ஊரே இங்கன வருது, நீரு எங்க போறீரு?" என்று கத்தினான். வேலை பாக்கி இருக்கிறது என்றேன்.

சண்முகசுந்தரி இரண்டு வாரம் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும் ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தாள். இந்த வருஷம் சூறை விட எடுத்து வைத்திருந்த பருத்தி. "அந்தப் பிள்ளைக்கு ஒரு தலகாணி தச்சுக் குடுக்கச் சொல்லுங்க" என்றாள். கொடுப்பது சரியா, கொடுத்தால் அந்தப் பெண் என் மூஞ்சியில் எறிவாளா என்று தெரியவில்லை. எறிந்தால் எறியட்டும். ரிஸானாவும் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டிருக்கிறாள், அது உனக்கு.

விசாரணையில் என்ன ஆகும் என்று எனக்குப் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.  ஆனால் அதிகாரிக்கு முன்னால் நிற்பதைவிடச் சுக்ருவின் சம்சாரத்துக்கு முன்னால் நிற்பதுதான் எனக்குப் பெரிதாக இருக்கிறது. நீ தனியாகச் சொல்ல வேண்டாம். நீ சுட்டதை நீ சொல்லு. நான் விட்டதை நான் சொல்லுகிறேன்.

போன வருஷம் தபசைப் பார்க்க வேண்டும் என்று உன் துப்பாக்கியை எடுத்து மாட்டிவிட்டு வந்தேன். இந்த வருஷம் தபசை விட்டுவிட்டு அதற்குத்தான் வாரேன்.

அவள் மொழி தெரிந்த ஆள் ஒருத்தனை ஏற்பாடு செய்து வை. முந்நூறு, நூறு, வளைவு, கோடு எல்லாம் அவளுக்குச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ரிஸானா கேட்டதைத்தான் அவளும் கேட்பாள். கால் மணி நேரம் என்பதை அவர்கள் மொழியில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டு எனக்குச் சொல்லிக்கொடு. அதை மட்டும் நானே என் வாயால் சொல்லுதேன்.

காசிராஜன்